எட்டு மீட்டர் அலைக்கு ஒரு மூலை

லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் 1930களில் ஒரு விநோதமான பொருள் காட்சிக்கு இருந்தது. கூடத்தை நோக்கி ஒரு சதுர வாய் திறந்திருக்கும். அகலம் 7 அடி 1 அங்குலம், உயரமும் அதேதான். உள்ளே போகப் போக நான்கு பக்கச் சுவர்களும் நெருங்கி வரும். 27 அடிக்கு அப்பால், கடைசி முனையில், திறப்பு ஏறக்குறைய ஓர் அங்குலமாகச் சுருங்கியிருக்கும். அந்தச் சிறு துளையில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் 555 ரக ஒலி இயக்கி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். ரேடியோ பிரிவைக் கவனித்துவந்த ஆர். பி. ஜி. டென்மன் அமைத்த ஒலிபெருக்கி இது. பிபிசி வானலையில் அனுப்பும் இசை உண்மையில் எவ்வளவு தரமானது என்று பொதுமக்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்பது நோக்கம். அன்றைய வீட்டு ரேடியோக்கள் எட்டிப் பார்க்காத 32 ஹெர்ட்ஸ் வரை, அதாவது பியானோவின் இடது கோடிக் கட்டைகள் வரை, அது இறங்கிப் பாடியது.

1949இல் கட்டட வேலையின்போது ஹார்ன் நொறுங்கிப்போனது. 2014இல் அதே அளவுகளில் மறுபடி கட்டி ஒலிக்கவைத்தார்கள். மறுபடி கட்டியபோதும் அதே 27 அடி. இடையில் எண்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள். வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்து, டிரான்சிஸ்டர்கள் கோடிக்கணக்கில் ஒரு சில்லுக்குள் அடங்கிவிட்டன. ஹார்ன் மட்டும் ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. குறையவும் முடியாது. ஏன் என்று புரிந்துகொண்டால், வீட்டுக் கூடத்தில் ஆளுயர ஹார்ன் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டவர்களின் கதையும் புரிந்துவிடும்.

நழுவும் காற்று

சாதாரண ஒலிபெருக்கியில் ஒரு காந்தம், அதன் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய ஒரு காகிதச் சவ்வு. மின்னோட்டம் சுருளை முன்னும் பின்னும் தள்ளும். சவ்வு காற்றைத் தள்ளும். 1925இல் ஜெனரல் எலக்ட்ரிக் பொறியாளர்கள் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் விவரித்த இந்த அமைப்புதான் இன்றும் உங்கள் தொலைக்காட்சியில் இருக்கிறது. எளிமையானது, மலிவானது. ஆனால் அநியாயத்துக்கு ஊதாரி. நூறு வாட் கொடுத்தால் ஒலியாக வெளியே வருவது ஒரு வாட் அளவே. மீதி எல்லாம் சுருளின் சூடாகப் போய்விடும்.

குற்றம் காற்றினுடையது. ஒரு கனமீட்டர் காற்றின் எடை 1.2 கிலோதான். சுருளும் சவ்வும் சேர்ந்த எடைக்கு முன்னால், சவ்வின் முகத்தில் ஒட்டியிருக்கும் காற்று ஒன்றுமேயில்லை. போதாக்குறைக்கு, தாழ்ந்த ஒலிகளின் அலைநீளம் சவ்வைவிடப் பல மடங்கு பெரியது. 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை 34 சென்டிமீட்டர். 40 ஹெர்ட்ஸின் அலை எட்டரை மீட்டர். எட்டரை மீட்டர் அலையை ஓரடி அகலச் சவ்வு கிளப்பப் பார்த்தால், காற்று அழுத்தத்துக்கு ஆளாகுமுன் பக்கவாட்டில் நழுவி ஓடிவிடுகிறது. விரல்களை அகல விரித்துக்கொண்டு நீச்சலடிப்பவனின் நிலைமை இது. கை ஓய்ந்துபோகும், உடல் முன்னே போகாது. பற்றிக்கொள்ள நீர் அகப்பட வேண்டும்.

சவ்வுக்குக் காற்று அகப்படச் செய்யும் கருவிதான் ஹார்ன். சவ்வின் முன்னால் ஒரு குறுகிய கழுத்தை வைத்தால் காற்று பக்கவாட்டில் ஓட வழியில்லை. சவ்வு தள்ளினால் அழுத்தம் ஏறியே தீர வேண்டும். அந்த அழுத்தம் குழல் வழியே போகும்போது குழல் கொஞ்சம் கொஞ்சமாக விரிகிறது; கழுத்தில் சிறு பரப்பில் பெரும் அழுத்தமாக இருந்தது, வாயில் பெரும் பரப்பில் சிறு அழுத்தமாக மாறி அறைக்குள் இறங்குகிறது. ஒலியை ஹார்ன் உண்டாக்குவதில்லை. கனமான சவ்வுக்கும் லேசான காற்றுக்கும் நடுவே நின்று பேரம் படியவைக்கிறது, அவ்வளவே.

இந்தப் பேரத்துக்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, குழல் அவசரமாக விரியக் கூடாது. எவ்வளவு தாழ்ந்த ஒலி வேண்டுமோ அவ்வளவு நிதானமாக விரிய வேண்டும். அடுக்குக்குறி முறையில், அதாவது சம தூரத்துக்கு ஒருமுறை பரப்பு இரட்டிக்கும்படி, விரியும் ஹார்னில் 40 ஹெர்ட்ஸ் வரை இறங்க வேண்டுமானால் ஒவ்வோர் இரட்டிப்புக்கும் 47 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். டென்மனின் 32 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். இரண்டு, வாய் போதிய அளவு பெரிதாக இருக்க வேண்டும். வாயின் சுற்றளவு ஓர் அலைநீளத்தை எட்டாவிட்டால், அலை வாய் வரை வந்து, வெளியே போகாமல் திரும்பிக் கழுத்துக்கே ஓடும். 40 ஹெர்ட்ஸுக்கு வட்ட வாயின் விட்டம் 2.7 மீட்டர் ஆகிறது.

ஓர் அங்குலத்தில் தொடங்கி ஏழடிச் சதுரத்தில் முடிய வேண்டும், நடுவே நிதானமாக இரட்டிக்க வேண்டும் என்றால் 27 அடி தானாக வந்துவிடுகிறது. டென்மன் ஆடம்பரத்துக்காக நீட்டவில்லை.

இதே கணக்கு நம் ஊர்த் திருவிழாக்களில் மரத்திலும் கோபுரத்திலும் கட்டும் மைக்செட் குழாய்க்கும் பொருந்தும். அதுவும் ஹார்ன்தான், ஒலி உள்ளுக்குள்ளேயே முன்னும் பின்னுமாக மடிந்து வெளியே வரும் ஹார்ன். வாய் 40 சென்டிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு 1.26 மீட்டர், அந்த அலைநீளத்துக்கு உரிய அதிர்வெண் சுமார் 270 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே குழாய் கைவிரித்துவிடும். அதனால்தான் நாதஸ்வரம் மூன்று தெரு தாண்டிக் கேட்கிறது, தவிலின் தொப்பி நாதம் பந்தலைத் தாண்டுவதில்லை. ஹார்ன் என்றாலே காதைக் கிழிக்கும் என்று நமக்குள் ஊறிய எண்ணம், சின்ன ஹார்னைப் பற்றியது. பெரிய ஹார்னை நம்மில் பெரும்பாலோர் கேட்டதே இல்லை.

வாட் இல்லாத காலம்

தொடக்க கால கிராமபோனில் மின்சாரமே கிடையாது. இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசி ஆடும். அந்த ஆட்டம் ஒரு சிறு தகட்டை அசைக்கும். அறையை நிரப்ப வேண்டிய ஆற்றல் முழுவதும் அதிலிருந்தே வர வேண்டும். ஹார்ன் இல்லாத கிராமபோன் கொசுவளவுதான் பேசும். எனவே ஹார்ன் தேவை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதை எப்படி வளைப்பது என்பதுதான் தெரியவில்லை. தகரத்தைச் சுருட்டிக் கூம்பாக்கினார்கள், பூ வடிவில் விரித்தார்கள். கண்ணுக்கு அழகாக இருப்பது காதுக்கும் பொருந்தும் என்ற நம்பிக்கையில் வேலை நடந்தது.

கணக்கு பின்னால் வந்தது. அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஆர்தர் கார்டன் வெப்ஸ்டர் 1914இல் வாசித்து 1919இல் அச்சிட்ட கட்டுரை, ஹார்னுக்குள் அலை எப்படிப் பயணிக்கிறது என்பதற்கு ஒரு சமன்பாடு தந்தது. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பெர்னூலி, ஆய்லர், லக்ராஞ்சு போன்ற கணித மேதைகள் தொட்டுப் பார்த்த சமன்பாடுதான். ஆனால் காற்று ஒரு சவ்வுக்குக் கொடுக்கும் எதிர்ப்பை, மின்சுற்றின் மின்மறுப்பைப் போலவே கணக்கிடலாம் என்று காட்டியது வெப்ஸ்டரின் பங்களிப்பு. அதன்பின் மின்பொறியாளர்கள் தங்கள் பழகிய கருவிகளோடு ஒலியியலுக்குள் நுழைந்தார்கள். 1924இல் வெஸ்டிங்ஹவுஸைச் சேர்ந்த ஹன்னாவும் ஸ்லெபியனும் அடுக்குக்குறி ஹார்னே உகந்தது என்று நிறுவினர். 1925இல் விக்டர் நிறுவனம் வெளியிட்ட ஆர்த்தோபோனிக் விக்ட்ரோலா, மேக்ஸ்ஃபீல்டும் ஹாரிசனும் வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் ஆய்வுக்கூடத்தில் போட்ட கணக்கை மரப்பெட்டிக்குள் கொண்டுவந்தது. ஆளுயர நீளமுள்ள ஹார்னை மடித்து ஓர் அலமாரிக்குள் அடக்கியிருந்தார்கள். வீட்டுக்குள் நுழைந்த, கணக்குப்படி செய்த முதல் பெரிய ஹார்ன் என்று அதைச் சொல்லலாம். சாவி முடுக்கினால் பாடியது; பிளக் தேவைப்படவில்லை.

மின்சாரம் வந்த பிறகும் வாட் தட்டுப்பாடு தீரவில்லை. 1915 கிறிஸ்துமஸ் முன்னிரவில் சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் பெருங்கூட்டத்துக்குப் பாட்டும் பேச்சும் கேட்கும்படி செய்த பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதம் ஆகியோரின் மேக்னவாக்ஸ் கருவியும் ஹார்ன் பொருத்தியதே. வால்வு ஆம்ப்ளிஃபயர் விலை உயர்ந்த பொருளாக இருந்த காலம். ஒரு பெரிய தியேட்டருக்கே பத்து, இருபது வாட்தான் கிடைக்கும். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கைச் சூடாக்கிக் கரியாக்கும் ஒலிபெருக்கியை யாராலும் கட்டுப்படியாக்க முடியாது.

பெல் ஆய்வுக்கூடத்தின் எட்வர்ட் வென்டேயும் ஆல்பர்ட் துராஸும் உருவாக்கிய 555 இயக்கி இந்தச் சூழலில்தான் வந்தது. மெல்லிய அலுமினியச் சவ்வு, தட்டையான உலோக நாடாவை விளிம்பில் நிறுத்திச் சுற்றிய சுருள், சக்திவாய்ந்த மின்காந்தம். சவ்வின் நடுவிலிருந்து வரும் ஒலியும் ஓரத்திலிருந்து வரும் ஒலியும் ஒரே நேரத்தில் கழுத்தை அடையும்படி முன்னால் ஓர் அடைப்புக்கட்டை. தக்க ஹார்னோடு சேர்த்தால் கொடுத்த மின்சாரத்தில் நூற்றுக்கு 25 முதல் 50 பங்கு வரை ஒலியாக்கியது. 1926 ஆகஸ்டில் நியூயார்க்கில் திரையிட்ட ‘டான் ஜுவான்’, அடுத்த ஆண்டு வந்த ‘தி ஜாஸ் சிங்கர்’ எல்லாம் இந்தக் குடும்பத்து ஒலியோடு வந்தவை. பேசும்படம் பிறந்ததில் வால்வுக்கு இருக்கும் பங்கு ஹார்னுக்கும் உண்டு.

காலடி ஓசை இரட்டித்த கதை

555 கீழே சுமார் 100 ஹெர்ட்ஸோடும் மேலே 5000 ஹெர்ட்ஸை ஒட்டியும் சோர்ந்துவிடும். முழு இசைக்குழுவையும் தர வேண்டுமானால் தாழ்ந்த ஒலிக்கு ஒரு ஹார்ன், உயர்ந்த ஒலிக்கு இன்னொன்று என்று வேலையைப் பிரிக்க வேண்டும். 1933 ஏப்ரல் 27 அன்று பெல் ஆய்வுக்கூடத்தின் ஹார்வி ஃபிளெட்சர் குழு அதைச் செய்து காட்டியது. பிலடெல்பியா இசைக்குழு தன் ஊரிலேயே வாசித்தது. அந்த இசை மூன்று தனித்தனித் தொலைபேசித் தடங்களில் வாஷிங்டனுக்குப் போய், அங்கே கான்ஸ்டிடியூஷன் ஹாலில் பெரிய ஹார்ன்கள் வழியே எழுந்தது. இசைக்குழுவின் நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கி வாஷிங்டனில் உட்கார்ந்து ஒலிக் கட்டுப்பாட்டுக் குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்தார்.

அந்த அமைப்பைத் தியேட்டர்களுக்குக் கொண்டுபோக நினைத்த எம்ஜிஎம் திரைப்பட நிறுவனத்தின் ஒலிப்பிரிவுக்கு ஒரு சிக்கல். எலினர் பவல் என்ற நடனக்காரியின் காலணித் தட்டல் ஒவ்வொன்றும் இரண்டாகக் கேட்டது. காரணம் எளிது: தாழொலி ஹார்னின் மடிந்த பாதை நீளம், உயரொலி ஹார்னின் பாதை குட்டை. ஒலி ஓரடி கடக்க ஏறக்குறைய 0.9 மில்லிசெகண்டு பிடிக்கும். பல அடி வித்தியாசம் இருந்தால் ஒரே தட்டலின் மேல்பாதி முதலில் வந்துவிடும், கீழ்பாதி பின்னால் வரும். இசைக்குழுவில் மறைந்துபோன பிழையைக் காலடி காட்டிக்கொடுத்தது. டக்ளஸ் ஷியரர் தலைமையில் ஜான் ஹில்லியர்டும் ஜேம்ஸ் பி. லான்சிங்கும் சேர்ந்து, இரு பாதைகளின் நீளத்தையும் நெருக்கமாக்கிப் புதிய அமைப்பைச் செய்தார்கள். ஷியரர் ஹார்ன் என்று பெயர்பெற்ற அது 1936க்கான அகாதெமி தொழில்நுட்ப விருதை வாங்கியது. அதில் பணியாற்றிய லான்சிங்கின் பெயர்தான் பின்னாளில் ஜேபிஎல் என்ற மூன்றெழுத்தாகச் சுருங்கியது. அவர் நடுவே ஆல்டெக் நிறுவனத்தில் இருந்த காலத்தில், 1945இல், உருவான ‘வாய்ஸ் ஆஃப் த தியேட்டர்’ வரிசை உலகமெங்கும் திரைக்குப் பின்னால் நின்றது.

தியேட்டரில் இடத்துக்குப் பஞ்சமில்லை. திரைக்குப் பின்னால் ஒரு லாரியையே நிறுத்தலாம். வீட்டில்?

மூன்று பரப்புகள், மூன்று இரட்டிப்புகள்

லண்டனில் பால் வோய்ட் என்ற பொறியாளர் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டினார். எடிசன் பெல் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஹார்னுக்குள் அலையின் முகப்பு தட்டையாகப் போவதில்லை, ஒரே ஆரமுள்ள கோளத்தின் துண்டுகளாக நகர்கிறது என்று கருதி, அதற்கேற்ற டிராக்ட்ரிக்ஸ் வளைவை 1920களிலேயே காப்புரிமை செய்தார். 1934இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த வீட்டு மூலை ஹார்ன், அறையின் ஒரு மூலையில் சாய்ந்து நின்றபடி பாடியது. பின்னாளில் லௌதர் என்ற பெயரில் தொடர்ந்த பரம்பரை அவருடையதே.

மூலையின் பயனை எல்லைவரை கொண்டுபோனவர் ஓர் அமெரிக்கர். 1904இல் இண்டியானாவில் பிறந்த பால் வில்பர் கிளிப்ஷ், மின்பொறியியல் படித்துவிட்டு, சிலி நாட்டு நைட்ரேட் சுரங்க ரயில்பாதையில் மின் இன்ஜின்களைப் பராமரித்தவர். பிறகு ஸ்டான்ஃபோர்டில் மேற்படிப்பு. டெக்சாஸில் எண்ணெய் தேடும் புவியியற்பியல் வேலை. இரண்டாம் உலகப்போரில் அர்க்கன்சாஸ் மாநிலத்தின் ஹோப் என்ற சிற்றூரில் ராணுவத்தின் வெடிகுண்டுச் சோதனைக் களம். ஒலிபெருக்கி அவருக்குப் பொழுதுபோக்கு. 1941இல் அமெரிக்க ஒலியியல் கழகத்தின் இதழில் சிறிய அளவில் தாழொலி ஹார்ன் செய்வது பற்றிக் கட்டுரை எழுதினார். 1940களின் முற்பாதியில் காப்புரிமைகள் பெற்றார். 1946இல் ஹோப்பிலேயே நிறுவனம் தொடங்கி, முதல் சில பெட்டிகளைத் தானே செய்தார்.

அவருடைய யோசனையை ஒரு கணக்கால் பார்ப்போம். 40 ஹெர்ட்ஸ் ஹார்னின் வாய், திறந்த வெளியில், ஏறக்குறைய 5.8 சதுர மீட்டர் இருக்க வேண்டும். ஹார்னைத் தரையில் வையுங்கள். ஒலி கீழ்நோக்கிப் பரவ முடியாது; பாதி வெளிதான் மிச்சம். எனவே பாதி வாய் போதும். ஒரு சுவரை ஒட்டி நகர்த்துங்கள்; மறுபடி பாதி. இரண்டு சுவர்கள் சேரும் மூலைக்குத் தள்ளுங்கள். இன்னும் ஒரு பாதி. எட்டில் ஒரு பங்காகி, 0.73 சதுர மீட்டரில் வேலை முடிகிறது. அதோடு தீரவில்லை. வாயில் மிச்சமாகும் ஒவ்வொரு பாதியும் ஹார்னில் ஓர் இரட்டிப்பு; ஓர் இரட்டிப்பு என்றால் 47 சென்டிமீட்டர். தரை, ஒரு சுவர், இன்னொரு சுவர் என்று மூன்று பரப்புகளும் சேர்ந்து ஹார்னின் நீளத்தில் ஏறக்குறைய 1.4 மீட்டரை வெட்டிவிடுகின்றன. 500 சதுர சென்டிமீட்டர் கழுத்தில் தொடங்கினால், மூன்றேகால் மீட்டர் இருக்க வேண்டிய குழல் இரண்டு மீட்டருக்கும் குறைவாகிறது. மிச்சம் இருப்பதை மடித்தால் பெட்டிக்குள் வைத்துவிடலாம்.

கிளிப்ஷ்ஹார்ன் என்று பெயர்பெற்ற பெட்டிக்குள் நடப்பது இது. 15 அங்குல வூஃபர் ஒன்று உள்ளே மறைந்திருக்கிறது. முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. அதன் ஒலி ஒரு குறுகிய பிளவு வழியே வெளிப்பட்டு, மேலும் கீழுமாகப் பிரிந்து, பின்பக்கம் திரும்பி, இடமும் வலமுமாக ஒதுங்கி, பெட்டியின் பின் ஓரங்களுக்கும் வீட்டுச் சுவர்களுக்கும் இடையே உள்ள சந்தில் வெளியேறுகிறது. ஹார்னின் கடைசிப் பகுதி கடையில் வாங்கிய பெட்டியில் இல்லை. வாங்கியவரின் சுவரில் இருக்கிறது. பெட்டியின் பின்புறத்தைத் திறந்தே விட்டிருந்ததால், பல தலைமுறை கிளிப்ஷ்ஹார்ன்களை மூலையில் இடைவெளியில்லாமல் ஒட்டவைத்தால்தான் ஹார்ன் முழுமையாகும். அண்மைக் கால வடிவங்களில்தான் பின்புறத்தை மூடினார்கள். தாழ்ந்த ஒலி 400 ஹெர்ட்ஸ் வரை இந்த மடிப்பு ஹார்னுக்கு. அதற்கு மேலே உள்ளவை மேல்தட்டில் இருக்கும் சிறிய ஹார்ன்களுக்கு.

பலன்? ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 105 டெசிபல். இன்று அலமாரியில் வைக்கும் சிறு ஒலிபெருக்கி ஒன்று அதே ஒரு வாட்டில் 85 டெசிபல் தரும் என்று கொள்வோம். 20 டெசிபல் வித்தியாசம் என்பது ஆற்றலில் நூறு மடங்கு. சிறு பெட்டி நூறு வாட் தின்று எழுப்பும் ஓசையை இது ஒரு வாட்டில் எழுப்பும். அந்தச் சிறு பெட்டி ஒரு வாட்டில் செய்வதற்கு இதற்கு நூறில் ஒரு வாட் போதும்.

உயரம் 1.3 மீட்டர். ஒரு சாதாரண பீரோவைவிடக் குள்ளம். டென்மனின் 27 அடியோடு ஒப்பிட்டால் பெரும் சாதனை. அவருடைய ஆழம் வரை இது இறங்காது என்றாலும் வெகு தூரம் நெருங்கியது. 1946 முதல் இன்றுவரை தொடர்ந்து தயாராகும் ஒலிபெருக்கி வேறொன்றைக் காட்டுவது கடினம்.

1950களில் இது ஒரு குட்டிப் பொற்காலமாயிற்று. பிரிட்டனில் டானாய் நிறுவனத்தின் கை ஃபவுண்டன் தன் கையெழுத்தையே பெயராக வைத்து ‘ஆட்டோகிராஃப்’ என்ற மூலை ஹார்னை வெளியிட்டார். ஜேபிஎல் 1954இல் ஹார்ட்ஸ்ஃபீல்டையும், 1957இல் ஒன்பதடிக்குச் சற்றே குறைந்த அகலமுள்ள ஒரே வளைந்த மேசை போன்ற பாரகனையும் செய்தது. பாரகனில் வலம் இடம் இரண்டும் ஒரே மரச்சாமானுக்குள்.

இரும்பு விதி

அதே 1954இல் எதிர்த்திசையிலிருந்து ஒரு சிறு பெட்டி வந்தது. எட்கர் வில்சர் என்ற ஆசிரியர், தன் மாணவர் ஹென்றி கிளாஸோடு சேர்ந்து தொடங்கிய அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தின் ஏஆர்-1. காற்றுப்புகாமல் மூடிய பெட்டி. உள்ளே அடைபட்ட காற்றே சவ்வுக்கு ஸ்பிரிங். புத்தக அலமாரியில் உட்காரும் பெட்டியிலிருந்து பெரிய ஹார்ன்களுக்கு நிகரான தாழ்ந்த ஒலி எழுந்தது. விலையாக அது கேட்டது வாட் மட்டும்தான். செயல்திறன் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே.

கிளாஸோடு பின்னர் கேஎல்ஹெச் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஜே. அன்டன் ஹாஃப்மன் இதை ஒரு விதியாகவே வடித்தார். சிறிய பெட்டி, ஆழமான தாழொலி, அதிகச் செயல்திறன்: இம்மூன்றில் எந்த இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம், மூன்றாவதை விட்டுக்கொடுக்க வேண்டும். ஹாஃப்மனின் இரும்பு விதி என்று இன்றும் பெட்டி செய்பவர்கள் சொல்வது இதைத்தான். கிளிப்ஷ் சிறிய பெட்டியை விட்டுக்கொடுத்தார். வில்சர் செயல்திறனை விட்டுக்கொடுத்தார்.

காலம் வில்சர் பக்கம் இருந்தது. 1958இல் ஸ்டீரியோ இசைத்தட்டு வந்தது. இனி ஒன்றுக்கு இரண்டு ஒலிபெருக்கி வேண்டும். மூலை ஹார்ன் வாங்குபவருக்குக் கதவும் ஜன்னலும் குறுக்கிடாத இரண்டு மூலைகள், அதுவும் ஒரே சுவரின் இரு கோடிகளில், வேண்டும். அப்படிப்பட்ட வீடு எத்தனை பேருக்கு? மூலைகள் விலகிப்போனால் நடுவே வெற்றிடமாகக் கேட்கிறது என்பதால், நடுவில் மூன்றாவது ஒன்றை வைக்கச் சொன்னார் கிளிப்ஷ். அதற்கென்று 1957இலேயே மூலை தேவைப்படாத ஒரு சிறு பெட்டியைச் செய்திருந்தார். மூலைக் கோட்பாட்டுக்கே விரோதம் என்பதால் அதற்கு ‘ஹெரெஸி’, அதாவது மதத்துரோகம், என்று பெயர். 1960களில் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் வந்து வாட்டின் விலை சரிந்தது. ஒரு காலத்தில் தியேட்டருக்கே கிடைக்காத ஆற்றல் எந்த வீட்டு மேசையிலும் கிடைத்தது. ஹார்ன் பிறந்ததற்கான காரணமே காலாவதியானது.

மிச்சம் இருந்த வாதம்

கிளிப்ஷ் அசையவில்லை. செயல்திறன் மின்கட்டணத்தைக் குறைக்கும் வழி மட்டுமில்லை, தூய்மைக்கும் அதுவே வழி என்பது அவர் வாதம். இதில் உண்மையான இயற்பியல் இருக்கிறது. காற்றில் நேரடியாக வேலை செய்யும் சவ்வு, அதே உரப்புக்கு, ஒரு ஸ்தாயி கீழே இறங்கும்தோறும் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். அசைவு பெருகினால் சுருள் காந்தத்தின் சீரான பகுதியைத் தாண்டும், ஸ்பிரிங் இறுகும், ஒலி கோணும். அதே சவ்வு தாழ்ந்த ஸ்வரத்துக்காக முன்னும் பின்னும் பாயும்போது அதன் மேல் ஏறி வரும் உயர்ந்த ஸ்வரம், நகரும் ரயிலின் விசில் போலச் சற்றே ஏறி இறங்கும். இந்தக் கலப்புக் கோணல் பற்றி 1960களின் கடைசியிலும் அதற்குப் பின்னும் அவர் தொடர்ந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். ஹார்னில் சவ்வுக்குக் காற்று கெட்டியாக அகப்படுவதால் அசைவு சிறிது. மிருதங்கத்தின் ஒரு சாப்பு விழும் கணத்தில் இயல்பைவிடப் பத்து, இருபது மடங்கு ஆற்றல் தேவைப்படும். சிறு பெட்டி அங்கே மூச்சுத் திணறும், ஹார்ன் அலட்டிக்கொள்ளாது.

எதிர்வாதத்திலும் உண்மை இருக்கிறது. வாய் போதாத ஹார்னில் அலை திரும்பித் திரும்பி ஓடுவதால், கைகளை வாயருகே குவித்துக்கொண்டு பேசுவது மாதிரியான ஒரு சாயம் ஒலியில் ஏறும். அடுக்குக்குறி ஹார்ன், அதிர்வெண் ஏற ஏற ஒலியை ஒடுங்கிய கற்றையாக்கிவிடும். நேரே உட்கார்ந்தவருக்கு ஓர் ஒலி, பக்கத்தில் இருப்பவருக்கு வேறு. எலினர் பவலின் காலடி எழுப்பிய கேள்வியும் தீர்ந்தபாடில்லை: மடிந்த தாழொலிப் பாதைக்கும் மேல்தட்டுக்கும் இடையே சில மில்லிசெகண்டு வித்தியாசம் இருந்தே தீரும். அறையின் மூலை, அறையின் எல்லாத் தாழ்ந்த ஒத்ததிர்வுகளையும் ஒருசேரக் கிளப்பிவிடும் இடமும்கூட. இலவசமாகக் கிடைத்த சுவர் தன் குணத்தையும் கூடவே தருகிறது.

ஆகவே பெரிய ஹார்ன் மறையவில்லை, சிறுபான்மையாயிற்று. ஜப்பானிய இசைப்பித்தர்கள் பழைய அமெரிக்கத் தியேட்டர்களின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் ஹார்ன்களைத் தேடி வாங்கினார்கள். ஒற்றை 300பி வால்வு தரும் எட்டு வாட் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஹார்னை விட்டால் வேறு கதியில்லை. 1990களிலிருந்து ஜெர்மனியின் அவான்ட்கார்ட் போன்ற நிறுவனங்கள் பளபளக்கும் பெரிய ஹார்ன்களைக் கூடங்களில் நிறுத்தின. ஆனால் அவற்றில் பலவற்றின் காலடியைப் பார்த்தால், தாழ்ந்த ஒலிக்கு மட்டும் தனி ஆம்ப்ளிஃபயரோடு சாதாரண மூடிய பெட்டி இருக்கும். நடுவிலும் மேலும் கிளிப்ஷ், அடியில் வில்சர். பழைய வழக்கில் இரு தரப்பும் கண்ட சமரசம் அது.

மேல் ஸ்தாயியில் ஹார்னுக்கு யாரும் இடம் தேட வேண்டியதே இல்லை. 3000 ஹெர்ட்ஸ் அலை பதினொன்றரை சென்டிமீட்டர். அதற்கு உரிய வாய் உள்ளங்கையில் அடங்கும். 1970களின் நடுவில் டான் கீல் போன்றோர் கற்றை ஒடுங்காத, திசை மாறினாலும் ஒலி மாறாத வளைவுகளை வகுத்தார்கள். அவற்றின் வாரிசுகள் இன்று ஸ்டுடியோ மேசைகளில் உள்ள சிறு ஒலிபெருக்கிகளில் ட்வீட்டரைச் சுற்றியுள்ள ஆழமற்ற கிண்ணமாக இருக்கின்றன. அவற்றின் முதல் வேலை செயல்திறன் இல்லை. ஒலியை எந்தப் பக்கம் எவ்வளவு அனுப்புவது என்று தீர்மானிப்பது. வாங்குபவர்கள் அதை ஹார்ன் என்று அறிவதுகூட இல்லை.

சில சென்டிமீட்டர் அலைக்கு ஹார்ன் எங்கும் நிறைந்திருக்கிறது. எட்டு மீட்டர் அலைக்கு அரிதிலும் அரிதாக இருக்கிறது. இரண்டையும் தீர்மானிப்பது ஒரே கணக்கு. வாட்டை மலிவாக்க முடிந்தது, பெட்டியை மலிவாக்க முடிந்தது. ஒரு விநாடிக்கு 343 மீட்டர் ஓடும் ஒலியின் நாற்பதில் ஒரு பங்கு எட்டரை மீட்டர்தான் என்பதில் எந்தத் தொழிற்சாலையும் தள்ளுபடி தர முடியாது. ஆழமான ஒலி வேண்டுபவர் அதை இடத்தால் கொடுக்கிறார் அல்லது மின்சாரத்தால் கொடுக்கிறார். எதால் கொடுப்பது என்பதை மட்டும் ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்தில் எது மலிவோ அதைப் பார்த்து முடிவுசெய்கிறது.